உட்கார இடம்

அப்மின்ஸ்டரில் இருந்தவரை
லண்டன்வரைக்கும் நின்றுகொண்டுதான் போவேன்,
யாருடைய ஈரக் குடையோ என் முழங்காலில்.
வாடகை ஏறியது.
நாலு ஸ்டேஷன் தள்ளி, பிட்சி.
ஏஜென்ட் பையன் கேலம் சாவியை ஆட்டியபடி சொன்னான்:
"இங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்."

பொய்யில்லை. காலை ஆறு பன்னிரண்டு,
ஜன்னலோரம்.

குளியலறையில் புதுப் பெயின்ட் வாசனை.
அது எதை மூடியிருந்ததென்று
நவம்பரில் தெரிந்தது.
ராட்னி ப்ளீச் ஊற்றித் தேய்த்தான்.
மறுவாரம் அதே மூலையில் அதே கறுப்பு.
எங்களுக்கு முந்தைய குடித்தனம் அது,
வாடகையும் கிடையாது.

முன்பிருந்த டோரீன் ஸ்கெல்டனுக்கு
இன்னும் கடிதம் வருகிறது,
கண் மருத்துவமனையிலிருந்து.
மூன்றாவதைப் பிரித்துவிட்டேன். தப்புதான்.
இந்தத் தேதிக்கும் நீங்கள் வரவில்லை என்றிருந்தது.
எங்கே போனாரோ,
எத்தனை ஸ்டேஷன் தள்ளி.

நேற்று எங்களுக்கே ஒன்று:
மார்ச்சிலிருந்து எண்பத்தைந்து பவுண்டு கூடுதல்.
ராட்னி ஒன்றும் சொல்லாமல்
போனில் ரயில் வரைபடத்தை விரித்தான்.
விரல் கிழக்கே நகர்ந்தது:
பென்ஃப்ளீட், சாக்வெல், தார்ப் பே,
ஷூபரிநெஸ்.
அங்கே நின்றது.
அதற்கப்புறம் தண்டவாளமில்லை,
கடல் வற்றினால் சேறு, வற்றாவிட்டால் கடல்.

"அங்கே ஏறினால்
பெட்டி மொத்தமும் நமக்குத்தான்" என்றான்.

சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.
கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது,
யாரும் எழவில்லை.

டோரீனின் நாலாவது கடிதத்தை நான் பிரிக்கவில்லை.
"இங்கே இல்லை" என்று எழுதி
காலையில் ஸ்டேஷன் பெட்டியில் போட்டேன்.