கூடுதல் சைபர்

நாற்பது பாட்டில் நெத்திலித் தொக்குக்கு
அட்வான்ஸ் இரண்டாயிரத்து அறுநூறு.
மெசேஜில் இருபத்தாறாயிரம்.
"கை தவறி ஒரு சைபர் கூட விழுந்துடுச்சுக்கா,
ஆஸ்பத்திரிக்குக் கட்டுற பணம்."

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி ஓயவில்லை,
சக்கரமெல்லாம் சைபர் சைபராக.
ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே
இருபத்து மூவாயிரத்து நானூறைத்
திருப்பி அனுப்பினேன்.
"நல்லா இருப்பீங்க" என்றான்.
கேட் திறந்தது.

"பேலன்ஸ் பார்க்கலையாம்மா?"
வங்கியில் ஒரு பையன் கேட்டான்.
அடுத்தவன் காசு ஒரு ராத்திரிகூட
என்னிடம் தங்கக் கூடாதென்று மட்டும்
பார்த்தேன் தம்பி.

கட்டிலுக்கடியில் நாற்பது பாட்டில்.
நேற்று பிலோமினா இரண்டு எடுத்தாள்,
ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினாள்.
பத்து வருஷமாக எதிர்வீடு.
மீதியை எண்ணிக்கொண்டே
நோட்டை
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.

அவள் பார்த்துவிட்டாள்.