வெட்டி வா

டொங்காட்டில் குழாய் செத்து நாற்பத்தொரு நாள்.
ஆறு ஒரே இரவில்
பாலத்தையும் குழாயையும் கழற்றிக்கொண்டு
கடலுக்குப் போய்விட்டது.
லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.
வரிசை எனக்குத் தெரியும்,
பெயர்ப் பட்டியல் என் கையில்.
கோகிலம் பதினேழு. பூபாலன் பதினெட்டு.
செட்டி வீட்டு இரட்டை வாளிக்கு
எண் ஒன்றா இரண்டா என்று
மூன்று முறை தீர்ப்பு எழுதினேன்,
மூன்றும் வேறு வேறு.

கோயிலுக்கு வந்த பாட்டில் தண்ணீரில் மிச்சம் இருந்தது.
மேட்டுக் குடியிருப்புக்குக் கொடுப்போம் என்றார் பூபாலன்,
பாவம், அவர்களுக்கு எந்தக் காலத்தில் குழாய் இருந்தது?
பக்கி வண்டியில் ஏற்றினோம், அறுபது பெட்டி.
படம் எடுக்க ஒருவர் தொற்றிக்கொண்டு வந்தார்.

மேலே நோக்வாசி
துணி அலசிக்கொண்டிருந்தாள்.
இரண்டாம் தண்ணீரில்.
முதல் தண்ணீர் பூசணிக் கொடிக்குப் போய்விட்டது.
நாற்பத்தொரு நாளாக நான்
இரண்டாம் தண்ணீரைப் பார்த்ததில்லை.

ஊற்றைச் சுற்றி வேலி.
மாடு இறங்கக் கூடாது, வாளி நேராக முங்கக் கூடாது.
ஞாயிறு மதியம் வீட்டுக்கு ஓர் ஆள்
மண் அள்ள வரவேண்டும்;
வராத வீடு ஒரு கல் தரவேண்டும்.
அந்தக் கற்கள்தான்
சரிவை வளைத்து வரிசையாகக் கிடந்தன.
சோம்பேறிகள் கட்டிய சுவர், என்று சிரித்தாள்.

கல்லை ஒட்டி ஆள் உயரத்துக்குப் புல்.
அந்த மழையில் மண் எப்படி நின்றது என்று கேட்டோம்.
புல்லைக் காட்டி
வெட்டிவா, என்றாள்.

கறிக்கும் வசவுக்கும் மட்டும் தமிழ் வைத்திருக்கும் கோகிலம்
என் காதில் கேட்டாள்:
எதை வெட்ட? எங்கே வர?

நோக்வாசி ஒரு தூரைப் பிடுங்கி
வேரை எங்கள் மூக்கில் வைத்தாள்.
பூசைக் கடையில் பொட்டலமாக வாங்கி
பானைத் தண்ணீரில் போடுகிற அதே வேர்.
உயிரோடு அதை நாங்கள் பார்த்ததே இல்லை.
காய்ந்தால் மணக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்,
நட்டால் மலை நகராது என்பது
அவளுக்குத் தெரிந்திருந்தது.

எண்ணெய் டின் நிறைய நாற்று தந்தாள்.
விலை மூன்று ஞாயிறு.
பள்ளிக்கூடத்துக்கென்று பத்துப் பெட்டி இறக்கிக்கொண்டு
மற்றதைத் திருப்பிக் கொண்டுபோங்கள் என்றாள்,
உங்களுக்குத்தானே தண்ணீர் இல்லை.
படம் எடுக்க வந்தவர்
கேமராவைப் பையில் போட்டார்.

மூன்று குச்சியைக் கட்டி நடுவில் கல்லைத் தொங்கவிட்டு
மட்டம் பார்க்கச் சொல்லித் தந்தாள்.
முப்பது வருஷக் கொத்தனார், எனக்கா மட்டம்,
என்றார் பூபாலன்.
கோயிலுக்குப் பின்னால் அவர் கண்ணளவில் நட்ட தொண்ணூறையும்
முதல் மழையே வாரிக்கொண்டு போனது.
மறுநாள் விடிவதற்குள்
யாருக்கும் தெரியாமல் மூன்று குச்சி கட்டியிருந்தார்.
எனக்குத் தெரியும்,
கயிறு என் வீட்டுக் கொடிக்கயிறு.

கூரைத் தண்ணீருக்குப் பீப்பாய் வைத்தோம்.
செட்டி வீட்டார் இடம் தர மறுத்தார்கள், பிறகு தந்தார்கள்,
பிறகு அதில் பாதியைத் திரும்பக் கேட்டார்கள்.
கோகிலம் கீரை போட்டாள், கோழி தின்றது,
மறுபடி போட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை குழாய் இருமியது,
துருவைத் துப்பியது, பிறகு கொட்டியது.
தெருவே கை தட்டியது, நானும் தட்டினேன்.
அந்த ஞாயிறு மண் அள்ள வந்தவர்கள் ஏழு பேர்.

யாரையும் குறை சொல்லவில்லை.
குழாய் திறந்திருக்கும்போது மழையை நினைப்பது
எனக்கும் கஷ்டம்தான்.
ஆனால் பட்டியல் இன்னும் என் கையில்.
வராத வீட்டுக்கு ஒரு கல்.
சுவர் நன்றாக வளர்கிறது.