ஒவ்வாமைதான்

துலூத்தில் பனி முழங்கால்வரை.
விடுப்பில் மிச்சம் அரை நாள்,
அதுவும் மார்ச்சில் மகளின் பல்லுக்கு.
நூற்றிரண்டு டிகிரிக்கு மேல்
இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனேன்.

"ஒவ்வாமைதான்" என்றேன்,
ஒரு பூகூட இல்லாத ஜனவரியில்.
யாரும் மறுக்கவில்லை.

மார்லிஸ் என் ஸ்டேப்ளரை இரவல் வாங்கினாள்.
வெள்ளியன்று அவள் நாற்காலி காலி.
திங்களன்று வெண்டல் இருமினான்.
என் இருமலேதான்:
இரண்டு தட்டு, கடைசியில் ஒரு சீழ்க்கை.
இன்வாய்ஸ் பிரிவுவரை அது நடந்து போவதைக்
குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்லிஸின் கணவருக்குக் கீமோ நடப்பது
எனக்குத் தெரியும்.
கேக் வெட்டியபோது சொல்லியிருந்தாள்.

இன்று வாழ்த்து அட்டை மேசை மேசையாக வந்தது,
அவருக்கு.
என் முறையில்
பேனாவை நன்றாகத் துடைத்தேன்.
பிறகுதான் பெயர் எழுதினேன்.