நூற்றெழுபதாவது கிலோமீட்டர்

பிரயிலாவில் பார்க்க ஒன்றுமில்லை என்றார்
ரயிலில் எதிரே இருந்தவர்,
சூரியகாந்தி விதையைப் பல்லிடுக்கில் உடைத்தபடி.
அவருக்குச் சொந்த ஊரே அதுதான்.

பார்க்கவா போனேன்?
துறைமுகத்து எடைமேடையைச் சோதித்து
முத்திரை குத்தவேண்டும்.
நாலு பத்துக்குத் திரும்பும் வண்டி.
மாற்றுச் சட்டைகூட எடுத்து வரவில்லை.

டான்யூபின் மேல் புதிதாய்த் தொங்கும் பாலம்
லாரிகளை ஊருக்கு வெளியிலேயே
அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.
முன்பு படகுத்துறையில் வரிசையில் நின்று
சலித்துக்கொண்டாவது இந்த ஊரைப் பார்த்தார்களாம்.
இப்போது சலித்துக்கொள்ளவும் ஆளில்லை.

மேடை வெறுமனே இருக்கையில்
பதினொரு கிலோ காட்டியது.
துடைத்தேன். நெம்புகோலுக்கு எண்ணெய் விட்டேன்.
பதினொன்று.
மேடைக்காரி அக்லாயா
கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
எதிராளியின் சீட்டு தெரிந்தவளைப் போல.
இரண்டு மணி நேரம் கழித்துத்தான்
குழிக்குள் டார்ச் அடிக்கத் தோன்றியது.
குறுக்குச் சட்டத்தின் மேல் சுருண்டு
ஒரு நாய்.

“அதுக்கு வெயில் ஆகாது.”
முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.
“மும்முரமா வேலை செய்யறவரை
எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?”

வருகிற ஒவ்வொரு கோதுமை லாரிக்கும்
நாயைக் கழித்துத்தான் எழுதுகிறாளாம், ஆறு வருடமாக.
ஏட்டைப் புரட்டினேன். கழித்திருந்தாள்.
முதல் பக்கங்களில் நாலு கிலோ, அப்புறம் ஏழு,
ஒரு மார்ச் மாதம் முழுக்கப் பதினான்கு,
ஏப்ரலில் மறுபடி பதினொன்று.
குட்டிகள் எங்கே என்று கேட்டேன்.
கிரேன் ஓட்டுகிறவர்களிடம் என்றாள்.

சான்றிதழை எழுதாமலே
மூன்றேகாலுக்கு ஸ்டேஷனைத் தேடிக் கிளம்பினேன்.
நேரான தெரு என்றுதான் இறங்கினேன்.
அது லேசாய் வளைந்துகொண்டே இருந்தது,
கோபம் என்று காட்டிக்கொள்ளாமல்
முகம் திருப்புகிறவரைப் போல.
யாரோ தானிய வியாபாரி கட்டிய வீடு,
காரை உதிர்ந்த சிங்கத்தின் வாயில் குருவிக்கூடு.
டிராம் தண்டவாளத்தில் நசுங்கிய முசுக்கட்டைப் பழம்.
மாடியிலிருந்து கயிற்றில் இறங்கிய கூடை
ஒரு ரொட்டியோடு மேலே போனது.
கயிற்றை இழுத்த கை மட்டும் தெரிந்தது,
மாவு படிந்த முழங்கை வரை.
தெரு முடிந்தது. எதிரே ஆறு.

வேறு தெருவில் நடந்தேன். ஆறு.

மூன்றாவதில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடும்
ஸ்பிரிதோனிடம் வழி கேட்டேன்.
சாக்குக்கட்டியை எடுத்துத் தரையில்
ஒன்றுக்குள் ஒன்றாய் அரைவட்டங்கள் போட்டார்.
“எங்க தெருவெல்லாம் ஆத்துல ஆரம்பிச்சு
ஆத்துலயே முடியும்.
ஊரை விட்டுப் போகணும்னா
எங்கேயாவது குறுக்கே வெட்டணும்.”
டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா பார்த்தார்.
“எனக்கு அது தோணினதில்லை.”

நாலு பத்து வண்டியின் ஊதல்
வெகு தூரத்தில், வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்டது.

கரையில் ஒரு பலகை: 170.
ஆறுகள் பிறந்த இடத்திலிருந்துதான்
தூரத்தை எண்ணும் என்றிருந்தேன்.
இதற்குக் கணக்கு கடலிலிருந்து.
போய்ச்சேரும் இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டு
குறைந்துகொண்டே வருகிறது, அவசரமில்லாமல்.
தொழில்காரன், எனக்கு அது பிடித்திருந்தது.

விளக்கு வைக்கும் நேரம்
மீன் பொரிக்கும் புகையும் கொசுவும் ஒன்றாய் வந்தன.
ஊரே படித்துறைக்கு இறங்கியது.
பெரிதாய்ப் பேச்சில்லை.
விதைத்தொலி தண்ணீரில் விழும் சத்தம்கூட இல்லை,
விழுவது மட்டும்.
ரயிலில் வந்தவர் என்னைப் பார்த்தார்.
ஏன் போகவில்லை என்று கேட்கவில்லை.
கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு
காகிதப் பொட்டலத்தில் பாதியை
என் கையில் கொட்டினார்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.

இரவு, விடுதி மேசையில்
சான்றிதழ் புத்தகத்தைத் திறந்தேன்.
இருபது வருடத்தில் ஒருமுறைகூட
நிரப்பாத ஒரு கட்டம் அதில் உண்டு.
வெற்று எடை: பதினொரு கிலோ.
காரணம்: தூங்குகிறது.
முத்திரை குத்தினேன்.