ஊதா

மண்டல அலுவலகத்தின் இரண்டாவது மாடியில்
நாலு மேசையை ஒட்டிப்போட்டு
தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும்
விரித்து வைத்திருந்தார்கள்.
மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க
ஒரு மூலையில் பஞ்சிங் மிஷின், ஒரு மூலையில் ஹெல்மெட்,
ஒரு மூலையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில்.
நாலாவது மூலைக்கு எதுவும் இல்லை.
"அம்மா, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்றார் உதவிப் பொறியாளர்.
பிடித்துக்கொண்டேன்.

மஞ்சளில் குடியிருக்கலாம்.
நீலத்தில் விற்கலாம்.
பச்சையில் ஒன்றும் செய்யக்கூடாது,
ராத்திரி லாரியில் வந்து கொட்டுவதைத் தவிர.
ஊதா, தொழிற்சாலைக்கு.

பீப்பாய்க்காரன் தெருவில்
நூற்றுப் பதினாறு கதவும் ஊதா.
சகாயமேரிக்கு வலி எடுத்து
ஆட்டோ வருமுன்னே பிள்ளை பிறந்தது ஊதாவில்.
எத்திராஜின் புறாக்கூண்டு, அதன் எச்சத்தோடு ஊதா.
மதில் ஓரம் காய்கிற நைட்டிகள்,
பவுடர் தீர்ந்த கேரம் போர்டு,
என் மாவு மில்லின் கல்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சாயக் கம்பெனி.
அதன் சங்குக்குத்தான் உலை வைத்தோம்,
பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பினோம்.
சங்கு நின்று பத்தொன்பது வருஷம்.
ஊதாத சங்கின் ஊதா மட்டும்
காகிதத்தில் வெளுக்கவே இல்லை.
நல்ல சாயமாகத்தான் காய்ச்சியிருக்கிறார்கள்.

தண்ணீர் வந்த வருஷம்
கட்டில்மேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் மோட்டார்,
மோட்டாரை அணைத்தபடி நான்,
இரண்டு ராத்திரி.
மேலே ஒரே ஒரு அறை எழுப்பலாமென்று வங்கிக்குப் போனேன்.
"உங்க சர்வே நம்பர் தொழில் மண்டலம்மா,
வீட்டுக்கு லோன் வராது."
சரி, தொழில் என்றால் தொழிலே செய்வோமென்று
பெரிய மோட்டாருக்கு மின்வாரியம் போனேன்.
"இது குடியிருப்பும்மா. அவ்ளோ லோடு ஏறாது."
குடியிருக்கப் போனால் தொழிற்சாலை,
மாவரைக்கப் போனால் வீடு.
எந்த ஆபீஸ் வரிசையில் நிற்கிறேனோ
அதற்கேற்ப இடம் மாறிக்கொண்டிருந்தது
என் வாசற்படி.

இன்றைக்குப் புது வரைபடம்.
பழைய விதியெல்லாம் திருத்தியாயிற்றாம்.
கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.
சாயக் கம்பெனி பதினொரு ஏக்கரும்
புதுத் தாலிக்கயிறு மாதிரி மஞ்சள்.
"இங்கதான் நீச்சல் குளம் வருது" என்று
பேனா முனையால் தொட்டுக் காட்டினார்
இஸ்திரி கலையாத சட்டைக்காரர், யாரிடமென்று இல்லாமல்.
எங்கள் தெரு?
ஊதா.
மஞ்சள் மதில்வரை வந்து
செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டது.

"அவங்க மனு கொடுத்தாங்க, மாத்துனோம்.
நீங்க கொடுக்கல."
கம்ப்யூட்டரில் வண்ணம் நிரப்பிய பையன் டில்லிபாபு,
எர்ணாவூர்க்காரன்,
காதருகே வந்து சொன்னான்:
"ஒரே ஒரு க்ளிக்தான்க்கா.
அந்த மவுஸு எங்கிட்ட இல்ல."

முப்பது நாளுக்குள் ஆட்சேபணை. ஐந்து நகல்.
ஏழாவது வரி: நிலத்தின் தற்போதைய பயன்பாடு.
கட்டம் தீப்பெட்டி அகலம்.
வீடு என்று எழுதினால் மோட்டார் போகும்,
தொழில் என்று எழுதினால் மாடி போகும்.
பேனா இரவல். மூடி திறக்க
இரண்டு கை வேண்டியிருந்தது.
மூலையை விட்டேன்.
எழுதினேன்:
உறங்க. மாவரைக்க. வெள்ளம் வந்தால் ஏறி நிற்க.

விட்ட மூலையிலிருந்து
வரைபடம் சுருண்டு எழுந்து
தெருவை மூடி, மதிலை மூடி,
நீச்சல் குளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, பிடிங்கம்மா!"

எழுதிக்கிட்டிருக்கேன் சார்.