முப்பத்தேழரை

வஞ்சிரம் ஏற்றிய தெர்மோகோல் பெட்டி.
குளிர் வெளியே போகாத பெட்டியில்
சூடும் போகாது என்றான் உதுமான்.
மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவியும்
மூடியைத் திறந்தால் மீன்தான்.
நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு,
செத்த கம்ப்யூட்டரின் விசிறி,
மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய தெர்மாமீட்டர்,
பொன்னேரிப் பக்கமிருந்து சிறுவிடை முட்டை இருபத்து நாலு.
ஒன்று பஸ்ஸிலேயே உடைந்து
என் சட்டைப்பையில் காய்ந்தது.

முட்டைக்கு ஒரு பக்கம் பெருக்கல், மறுபக்கம் வட்டம்.
சலேத்மேரியின் புருவப் பென்சில்.
நான் ஐஸ் கம்பெனியில் நிற்கும் பகலில்
அவள் பெருக்கலை வட்டமாகத் திருப்புவாள்.
இரவு நான் வட்டத்தைப் பெருக்கலாக.
கோழி இதைப் பென்சில் இல்லாமல் செய்கிறது.

வீட்டுக்கு வரும்போது என் கை விறைத்திருக்கும்.
டீ கிளாஸைப் பிடித்துச் சூடேற்றின பிறகுதான்
முட்டையைத் தொடலாம் என்று சட்டம்.
"என்னைத் தொட ஒருநாளும்
டீ கிளாஸ் தேடினதில்ல நீ" என்றாள்,
சிரிக்காமல்.

ஏழாம் நாள் விளக்கை அணைத்து
செல்போன் டார்ச்சில் பார்த்தோம்.
எங்கள் தெருக் கம்பத்து வயர்கள் போலச்
சிக்கிக் கிடந்தன சிவப்பு நரம்புகள்.
ஆறில் ஒன்றுமில்லை, வெறும் மஞ்சள் நிலா.
மீதி பதினேழுக்கும் பெயர் வைக்காதே என்றேன்.
அதற்குள் நாலுக்கு வைத்திருந்தாள்.

தண்ணீர் வை, தண்ணீர் வை என்றார்கள்.
காசிமேட்டுக் காற்றில் உப்புகூடக் கசிந்து ஓடும்,
அதை யாரும் யோசிக்கவில்லை, நானும்.
கிண்ணம் கிண்ணமாக ஊற்றினேன்.

இருபத்தொன்று. சத்தமில்லை.
இருபத்திரண்டு.
இருபத்து மூன்றில் ஒன்று கீறியது.
பொறுமையில்லாமல் நகத்தால் உரித்தேன்.
ரத்தம் வந்தது. மதியத்துக்குள் முடிந்தது.
இருபத்தைந்தாம் நாள் மற்றவற்றை உடைத்தோம்.
அலகு, நகம், இறகு எல்லாம் முழுசாக,
நீரில் ஊறி.
மூழ்கிப்போனவர்களைக் கரையில் கிடத்திப் பார்த்த தெரு இது.
ஓட்டுக்குள்ளும் மூழ்கலாம் என்று தெரியாது.
புதைக்க மண் கிடையாது எங்களுக்கு.
அலைக்குப் போட்ட கருங்கல் இடுக்கில் வைத்தேன்.
காக்கைகள் காத்திருக்கவில்லை.

மறுநாள் தெர்மாமீட்டரை வேலைக்குக் கொண்டுபோனேன்.
ஐஸ்தூளும் தண்ணீரும் கலந்த டம்ளரில் விட்டால்
சைபர் காட்ட வேண்டும்.
ஒன்றரை காட்டியது.
அத்தனை நாளும் அது சொன்ன முப்பத்தேழரை
முப்பத்தாறு.

இரண்டாம் ஈடு பதினெட்டு முட்டை.
கடைசி மூன்று நாளைக்கு மட்டும் தண்ணீர்.
பத்தொன்பதாம் இரவு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
சலேத்மேரி போன் செய்தாள், அழவில்லை,
"வெந்நீர் பாட்டில் நாலு வெச்சு
போர்வை சுத்தியிருக்கேன், எத்தனை நேரம் தாங்கும்?"
நான் நின்ற இடத்தில்
ஐஸ் உருகக் கூடாதென்று
ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
மூன்று மணி பத்து நிமிடம்.

பிறகு ஓட்டுக்குள்ளிருந்து
வீட்டில் யாரோ விசிலடிப்பது போல.
ஒன்பது வந்தன.
பத்தாவது, கூர்முனைப் பக்கம் ஓட்டையிட்டது,
அலகு மட்டும் வெளியே.
உரி என்றான் உதுமான்.
கையைத் தொடைக்கடியில் வைத்து
இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன்.
விடியும்போது அலகு அசையவில்லை.
உரித்திருந்தால் பிழைத்திருக்கும் என்கிறான் இன்னும்.
சலேத்மேரி ஒன்றும் சொல்வதில்லை.

ஒன்பதில் ஒன்றுக்குக் கால் அகன்று போனது.
பேப்பர் வழுக்குகிறதென்று கோணி விரித்து,
பேண்ட்-எய்டைக் கிழித்து
இரண்டு காலையும் சேர்த்து விலங்கு மாதிரி ஒட்டினாள்.
விழுகிறது, எழுகிறது,
தீவனத்தில் தலைகுப்புற.
எட்டும் ஏறி மிதித்துப் போகின்றன.

புது தெர்மாமீட்டர் வாங்கவில்லை.
அது இப்போதும் பொய்தான் சொல்கிறது.
ஒன்றரையைக் கழித்துவிட்டுக் கேட்கிறோம்.