ஊசிச்சங்கு, இரண்டாந்தரம்

வேதாளையில் காலை வத்தம்.
கணுக்கால் நனையாத தண்ணீருக்கடியில்
மணலில் ஒரு கோடு,
எங்கோ போகிற எண்ணத்தில் லேசாய் நெளிந்து.
கோடு முடியும் இடத்தில் விரலை விடு
என்பாள் ஜெசிந்தா.
விட்டேன். இருந்தது.

நடுவிரல் நீளம்.
தன்னைத் தானே திருகி
மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஆணி.
கையில் எடுத்ததும் கதவைச் சாத்திக்கொண்டது,
சாந்துப்பொட்டு அளவில் ஒரு பழுப்புக் கதவு.
புழு தேடிப் புறப்பட்டிருக்கும்.
அதுவும் வேட்டைக்குத்தான் வந்தது, என்னைப் போல.

பட்டறையில் எனக்குத் துளை போடும் வேலை.
நூறு சங்குக்கு இவ்வளவு என்று கூலி.
துரப்பணமாகவே பிறந்ததைத்
துரப்பணத்தால் துளைக்கிறேன்,
கரண்ட் இருக்கிற வரைக்கும்.
சாயங்காலம் புருவம் வெளுத்திருக்கும்.

முனைதான் அதன் முதல் நாள்.
பிறந்த அறையை விட்டுவிடாமல்
அதன்மேல், இல்லை, அதன்கீழ்
அடுத்த சுற்று, கொஞ்சம் அகலமாய் அடுத்தது.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
பதினொன்றாவதில் வடு.

நண்டு நெரித்திருக்கும்.
விளிம்பு பல்பல்லாய்ப் பிய்ந்து
பிறகு தடித்து ஒரு வரம்பு.
அதற்கப்புறம் பழுப்புப் புள்ளிகள்
ஒரு நூல் தள்ளித் தொடங்குகின்றன.
கடைசிச் சுற்று வரை
பழைய வரிசைக்கு அவை திரும்பவே இல்லை.

செய்யதலி மரைக்காயர் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.
“ரெண்டாந்தரம்.”
நியாயம்தான்.
கோயமுத்தூர் ஓட்டல் வாசலில்
திரையாய்த் தொங்கப் போகிறவை
ஒன்றுபோல் இருக்கவேண்டும்.

போன மாசியில் ஊசி வழுக்கிப் பிளந்தது
என் இடது கட்டைவிரல் நகம்.
வளர்ந்துவிட்டது, நடுவில் ஒரு மேட்டோடு.
மருதாணி வைத்தால்
அந்த மேடு மட்டும் சிவப்பதில்லை.

அன்று காலை அதைக் கடலிலேயே விட்டுவிட்டேன்
என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும்.
விடவில்லை.
கொல்லை மணலில் புதைத்தேன்.
எட்டு நாள் எறும்புக்கு.
வாடை நின்றபின் தோண்டி,
குழாயடியில் குலுக்கிக் குலுக்கிக் கழுவினேன்.
சுற்றுச் சுற்றாய் மணல் வந்தது,
நிற்கப்போகிறது என்று நினைக்கும்போதெல்லாம்
இன்னும் கொஞ்சம்.

குழாயை மூடிவிட்டுப் பார்த்தால்
உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது
அந்தக் கதவு.